ஒரு தும்மலுக்குப் பயந்த டெனிஸ்

மட்டக்களப்பில் கூதல் உண்டா என்று கேட்டுச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மார்கழி மழை விட்ட கையோடு, விடிய ஆறு மணிக்கு, வாவிப் பக்கமிருந்து வரும் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும்போது அரைக்கைச் சட்டையோடு டெனிஸ் விளையாடிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். விரல் மரத்துப்போய், றக்கட் கையில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. ஆனாலும் நான் சொல்ல வந்தது அந்தக் கூதலை அல்ல. அது செல்லக் கூதல். உண்மையான கூதலை எனது பதினாறாவது வயதில் மலைநாட்டு நுவரெலியாவில்தான் கண்டேன். அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது.

போர் முடிந்து வந்த முதல் தை மாதம் அது. வாவிக்கரையில் இருந்த எங்கள் டெனிஸ் கோர்ட்டுக்கு அப்போதுதான் உயிர் வந்திருந்தது. சுனாமிக்குப் பிறகு அங்கே கூடாரம் அடித்திருந்தார்கள். கூடாரம் போன பிறகு மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதுவும் போன பிறகு ஆடு மேய்ந்தது. நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரும், எங்கள் விளையாட்டு டீச்சரும் சேர்ந்து புல்லைப் பிடுங்கி, கிறவல் மண் கொட்டி, மிதித்து மிதித்துச் சமப்படுத்தினோம். கூடாரத்து முளை அடித்த ஓட்டைகளை மட்டும் முழுதாக அடைக்க முடியவில்லை. பந்து அதில் விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே எங்கள் நாலு பேருக்கும் கண் கூர்மை.

என்னோடு சோடியாக விளையாடியவள் வாவிக்கு அக்கரையில் இருக்கும் வவுணதீவுக்காரி. போர்க்காலத்தில் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வருவதென்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இப்போது விடிய ஐந்தரைக்கே சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்துவிடுவாள். தகப்பனோடு வட்டைக்குள் இறங்கி வயல் வேலை செய்து உரமேறிய தோள் அவளுக்கு. அவளுடைய றக்கட்டில் இரண்டு நரம்பு அறுந்து, அந்த இடத்தில் மீன் வலை நைலோன் நூல் கட்டியிருந்தது. மழை தூறினால் ஒரு உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளித் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அப்படியே விளையாடுவாள். நான் பல்லைக் கடித்து நடுங்கும்போது, "நிண்டாத்தான் கூதல். வரம்பில நடந்துகொண்டிருந்தா ஒண்டும் செய்யாது" என்பாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தையில்தான் டீச்சர் ஒரு கடிதத்தோடு வந்து, நுவரெலியாவில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு டெனிஸ் போட்டி, எங்களுக்கும் அழைப்பு வந்திருக்கிறது என்றார். நாலு பேரும் கோர்ட்டைச் சுற்றி ஓடினோம். நாவற்குடாவில் எங்கள் வீடு வரைக்கும் நான் சைக்கிளை மிதித்தேனா பறந்தேனா தெரியாது. அப்பா கட்டாரில் வேலை செய்தார். வீட்டில் முடிவெல்லாம் அம்மாவுடையது. குசினி வாசலிலேயே நின்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "அங்க கூதல்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதினொரு வயது. கடற்கரைப் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டில் நானும் அம்மாவும் நின்றோம். தண்ணீர் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தாழம் பற்றைக்குள் விட்டது. மத்தியானம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா என்னைக் கண்டுபிடித்த பிறகு இருட்டும் வரைக்கும் எனக்கு மாற்ற ஒரு காய்ந்த துணி கிடைக்கவில்லை. அம்மாவின் சீலையும் ஈரம், சுற்றி நின்ற எல்லோரும் ஈரம். நான் நடுங்கிக்கொண்டே இருந்தேனாம். அன்றைக்கு நெஞ்சில் பிடித்த சளி இழுப்பாக மாறி, இரண்டு வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக எங்களை அலைக்கழித்தது. இழுக்கும் நேரமெல்லாம் அம்மா என்னை நெஞ்சில் சாய்த்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். பிறகு அது மெல்ல விட்டுப் போனது. ஆனால் அம்மாவை விடவில்லை.

நாங்கள் முகாமில் இருந்தபோது, கடல் வந்து ஒன்றரை மாதம் கழித்து, நிவாரணப் பொதி ஒன்று கிடைத்தது. எந்தப் பனி நாட்டில் யார் கட்டி அனுப்பினார்களோ, உள்ளே ஒரு பெரிய ஆம்பிளைக் கோட்டு, காது மூடும் தொப்பி, ஒரு கயிற்றில் தொங்கும் இரண்டு கம்பளிக் கையுறை. வியர்வை வழிய வரிசையில் நின்ற சனம் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. சிலர் தங்களுக்குக் கிடைத்ததை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அண்டைக்கு இருந்திருந்தா" என்று சொன்னார். அதன் பிறகு அது எங்கள் அலுமாரியில் வேப்பிலை போட்டு மடித்துக் கிடந்தது. வருடா வருடம் சித்திரை வெயிலில் கொடியில் காய விடுவார். ஆமி வீடு வீடாகத் தேடிய ஒரு சுற்றிவளைப்பு நாளில் ஒரு ஆமிக்காரர் அதை ஆள் என்று நினைத்துத் துவக்கால் குத்திப் பார்த்ததும் உண்டு.

நான் மூன்று நாள் சோறு தின்னாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் அம்மா இறங்கி வந்தார், ஆனால் மூன்று நிபந்தனையோடு. "நானும் வருவன். நான் தாறதத்தான் தின்ன வேணும். வந்த பிறகு இந்த வீட்டுக்குள்ள ஒரு தும்மல் கேட்டுதெண்டா, றக்கட் அலுமாரிக்கு மேல ஏறும். மறுகா இறங்காது."

அம்மா சொன்னால் சொன்னதுதான். ஒரு தும்மலோடு என் டெனிஸ் முடிந்துவிடும். அது தெரிந்தும் நான் துள்ளிக் குதித்தேன்.

அடுத்த நாளிலிருந்து தொடங்கியது சூட்டுச் சாப்பாடு. கூதல் நாட்டுக்குப் போகிற உடம்பை உள்ளேயிருந்து சூடேற்றி வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. தயிர் நிறுத்தம், இளநீர் நிறுத்தம், வெள்ளரிக்காய் கண்ணிலும் காட்டப்படவில்லை. காலையில் நல்லெண்ணெயில் பொரித்த முட்டை. மத்தியானம் வாவி நண்டு, மிளகு தூக்கலாக. பின்னேரம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறி. "நான் எப்ப பிள்ளை பெத்தன்?" என்று கேட்டதற்கு அகப்பை ஓங்கப்பட்டது. இரண்டு கிழமை நான் அடுப்பு மாதிரி எரிந்தேன். வாய் வெந்தது, கண் எரிந்தது, பன்னிரண்டாம் நாள் வலது கமக்கட்டுக்குள் ஒரு சூட்டுக்கட்டி புறப்பட்டது. கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் உயிர் போகும். டெனிஸில் சேர்வ் போட வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேலே தூக்கத்தான் வேண்டும். அம்மாவுக்குச் சொன்னால் பயணம் நின்றுவிடும். ஆகவே சோடிக்காரிக்கு மட்டும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அப்ப கீழால போடு. யார் கேக்கிறது?" என்றாள்.

வான் பிடித்து மகாஓயாப் பாதையால் போனோம். பிள்ளைகள் நாலு பேர், டீச்சர், அம்மா. அம்மாவின் மடியில் கொத்தமல்லித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்க், வேர்க்கொம்புத் துண்டு, தைலப் போத்தல். கூதல் தொடங்க முதலே உடம்பை மூடிவிட வேண்டும், தொடங்கிய பிறகு மூடிப் பயனில்லை என்று, செங்கலடி கழிந்ததுமே அந்தக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். நடு மத்தியானம். யன்னலால் வருவது அனல். கோட்டு என் கணுக்கால் வரை தொங்கியது. உள்ளே நான் அவிந்துகொண்டிருந்தேன்.

வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்க வேண்டும். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் தடித்த உடுப்போடு, உள்ளே குண்டு கட்டியிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், சாவடிக்குப் போகவே மாட்டார்கள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றி, மடித்து, கையில் தெரியப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். இது அம்மாவுக்குத் தெரியாததா? நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அன்றைக்குக் கூதல் பயம் மற்றப் பயத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. கொளுத்தும் வெயிலில், முகமெல்லாம் வியர்வை ஒழுக, ஒரு தமிழ்ப் பெட்டை கணுக்கால் வரை கோட்டுப் போட்டுக்கொண்டு வானிலிருந்து இறங்கினாள். மூன்று துவக்குகள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

டீச்சர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் வேகமாகப் பேசினார். ஒரு பெண் ஆமி வந்து தூர நின்றபடியே பொத்தானைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். உள்ளே மொத்தமாக ஒரு சட்டையும் நானும்தான். கோட்டுப் பைகளைத் தடவி இரண்டு டெனிஸ் பந்து, ஒரு பூண்டு, அம்மா எனக்குத் தெரியாமல் வைத்த திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். நாங்கள் எங்கே போகிறோம் என்று டீச்சர் சொன்னதும், அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நுவரெலியாவுக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருக்கிறது, அதற்குள் இந்தப் பிள்ளை வெந்துவிடும் என்று சொன்னாராம். வானுக்குள் ஏறியதும் நான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தபோது, அம்மா தானே யன்னலை இன்னும் திறந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை கோர்ட்டுக்குப் போனால், புல் வெள்ளையாக இருந்தது. மா கொட்டுண்டு போச்சு என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். உறைபனி. மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வந்தது. நாங்கள் நாலு பேரும் சுருட்டுக் குடிக்கிற மாதிரி நடித்து ஊதி ஊதி விளையாடினோம். எங்களோடு மோத இருந்தவர்கள் கொழும்புப் பிள்ளைகள். ஒரே நிறத்தில் நீளக்காற்சட்டை, நீளக்கைச் சட்டை, கழுத்துக்குப் பட்டி. என் சோடிக்காரி சட்டைக்கு மேல் உரப்பைக் கொங்காணியோடு வந்து நின்றாள். அவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது.

முதல் இரண்டு கேம் எங்கள் கையில் இல்லை. எங்கள் ஊரில் இடுப்புக்கு எழும்பும் பந்து, அந்தக் கூதலில் முழங்காலோடு செத்தது. விரல் விறைத்து றக்கட் கைக்குள் சுழன்றது. சோடிக்காரி என் முதுகில் ஒரு அடி போட்டு, "நிக்காத. பந்து வராட்டியும் ஓடு" என்றாள். பந்து எங்கேயோ இருக்க நாங்கள் இரண்டு பேரும் இருந்த இடத்தில் துள்ளிக்கொண்டே இருந்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, மூன்றாவது கேமில் என் காது சுட்டது, நாலாவதில் கை என் கையானது. விடிய அம்மா மறுபடி மாட்டிவிட்டிருந்த கோட்டைக் கழற்றி அவரிடம் எறிந்தேன்.

பிறகு என் சேர்வ். கட்டியோடு கை மேலே போகாது. கீழால், சோறு போடுகிற மாதிரி மெல்ல வெட்டிப் போட்டேன். எதிர்ப் பக்கம் நின்றவள் நான் பகிடி பண்ணுகிறேன் என்று நடுவரிடம் முறையிட்டாள். சட்டத்தில் இடம் இருக்கிறது, விளையாடு என்றார் அவர். அந்தக் குளிர்ந்த பந்து வலையைத் தாண்டி விழுந்தது, எழும்பவே இல்லை. அவள் ஓடி வருவதற்குள் இரண்டாம் தரமும் குத்திவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. நாலு தரம் போட்டேன், மூன்று தரம் அப்படியே படுத்தது. அம்மாவின் நண்டுக் கறி எனக்கு ஒரு சேர்வ் செய்து தந்திருந்தது.

ஒரே செற் ஆட்டம். நாலுக்கு நாலு வந்து நின்றோம். அடுத்த சேர்வுக்குப் பந்தை எடுத்துக்கொண்டு, தற்செயலாக அம்மா குந்தியிருந்த வாங்குப் பக்கம் திரும்பினேன்.

அம்மா மெல்லிய வொயில் சீலையில் இருந்தார். காலில் இறப்பர் செருப்பு. சீலைத் தலைப்பைக் காதைச் சுற்றி இழுத்து விட்டிருந்தார். உதடு நாவற்பழம் தின்றது போலக் கறுத்துக் கிடந்தது. தாடை அடித்துக்கொண்டது எனக்கு அவ்வளவு தூரத்திலேயே தெரிந்தது. மடியில் கோட்டு, நான் வந்தவுடன் மாட்டுவதற்கு வசதியாக அதன் கையை விரித்து வைத்திருந்தபடி. தனக்கென்று ஒரு சூட்டுத் துணி அவர் கொண்டு வரவில்லை. கூதல் என்பது எனக்கு மட்டும் வருகிற ஒன்று என்று ஐந்து வருடமாக நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது.

பந்தைக் கீழே போட்டுவிட்டு வாங்குக்குப் போனேன். "கோட்டைப் போடுங்க அம்மா."

"எனக்கென்ன? உனக்குத்தான். இஞ்ச வா, போடு."

"எனக்கு வேர்க்குது. நீங்க போடுங்க."

"நேரம் போகுது. போய் விளையாடு புள்ள."

நடுவர் என்னைக் கூப்பிட்டார். நான் அசையவில்லை. எச்சரிக்கை என்றார். "நீங்க கோட்டுப் போடுமட்டும் நான் விளையாடமாட்டன்" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், ஆனாலும் கை வரவில்லை. நடுவர் எதிர்ப் பக்கத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தார். சோடிக்காரி பாய்ந்து வந்தாள். "உனக்கு விசரா? இந்தளவு தூரம் வந்து..." என்று தொடங்கியவள் அம்மாவைக் கண்டதும் நிறுத்தினாள். தன் தலையிலிருந்த உரப்பையைக் கழற்றி அம்மாவின் தலையில் போட்டாள். "மாமி, இவள் பிடிச்ச பிடிய விடமாட்டாள். போடுங்க. போட்டுட்டு இருக்காதீங்க, நடங்க."

அம்மா கோட்டுக்குள் கையை விட்டார். நான் பொத்தான்களைப் பூட்டினேன். அம்மாவின் பையிலிருந்த காதுத் தொப்பியைப் போட்டு, கயிற்றில் தொங்கிய கையுறைகளையும் மாட்டினேன். எனக்குத் தெரிய அம்மாவுக்கு நான் உடுப்புப் போட்டுவிட்டது அதுதான் முதல் தரம்.

பிறகு நடந்ததையெல்லாம் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. அம்மா வேலியோரமாக நடக்கத் தொடங்கினார். பந்து இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம், கோட்டு நிலத்தில் இழுபட, உரப்பை காற்றில் படபடக்க. மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். கீழால் போட்டு அந்தக் கேமை எடுத்தேன். ஐந்துக்கு நாலு. அடுத்ததில் சோடிக்காரி வயல் வெட்டுகிற வேகத்தில் திருப்பி அடித்தாள். இன்னும் ஒரு புள்ளி என்ற இடத்தில், எதிர்ப் பக்கத்துப் பிள்ளை உயரத் தூக்கிய பந்து நேராக என் தலைக்கு மேலே வந்தது. கட்டியை மறந்தேன். கையைத் தூக்கி ஓங்கி அடித்தேன். பந்து மூலையில் விழுந்த அதே நொடியில் கட்டியும் உடைந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். சோடிக்காரி என்னைத் தூக்கிச் சுற்றினாள், அந்த வலியோடு. வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா கையுறையோடு கை தட்டினார், சத்தமே வரவில்லை.

பின்னேரம் நடந்த அடுத்த ஆட்டத்தில் எங்களுக்கு முட்டை. ஒரு கேம்கூட எடுக்கவில்லை. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலை. சோடிக்காரி முற்றத்தில் சைக்கிளோடு நின்று மணியை அடித்தாள். நான் றக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலைக் கடக்கும்போது வீட்டுக்குள் ஒரு தும்மல் கேட்டது. பெரிய தும்மல். நான் அப்படியே நின்றேன். என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. இரண்டாவது தும்மலும் கேட்டது. அம்மா குசினியிலிருந்து வந்தார். கண் சிவந்து, மூக்கு வீங்கி, அந்தக் கோட்டுக்கும் கையுறைக்கும் உள்ளே. மட்டக்களப்புத் தை வெயில் முற்றத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

என் கையிலிருந்த றக்கட்டைப் பார்த்தார். அலுமாரியை நான் பார்த்தேன்.

"அது என்ட தும்மல்" என்றார் அம்மா. "கணக்கில வராது."

நான் றக்கட்டைக் கதிரையில் வைத்துவிட்டுக் கொத்தமல்லி அவிக்கப் போனேன். அம்மா குடித்து முடித்த பிறகு கோட்டின் கையை மூக்கோடு வைத்துப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் வச்சிருந்தன். ஒருநாளும் போட்டுப் பாக்கல்ல" என்றார். "நல்ல சூடுதான் மகள்."

நான் பக்கத்தில் குந்தினேன். அம்மா என் தோளில் கையுறைக் கையால் தட்டினார்.

"இஞ்ச இருக்காத. அவள் வெளியில நிக்கிறாள். போய் ஓடு."